மச்சினன் பிடித்த கயிறு

என் வலது கணுக்காலில் ஒரு தழும்பு இருக்கிறது. தண்டை போட்டதுபோலச் சுற்றிலும் ஓடும். நான் சொல்லப்போவதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் தூத்துக்குடிக்கு வரலாம். சங்கு குளிக்கிற இஞ்ஞாசி வீடு எது என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். தழும்பைத் தொட்டுப் பார்க்கலாம். காபியும் கிடைக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கடலுக்குக் கூட்டிப்போ என்று மட்டும் கேட்கக் கூடாது.

இது நடந்தது 1976, மார்ச் 27. சனிக்கிழமை. எங்களுக்குத் தவக்காலம். நிலா இல்லாத நாள்.

முதலில் கயிற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு கடலடிக்குப் போய்ச் சங்கு பொறுக்கி வருவது என் தொழில். கயிற்றின் ஒரு நுனி என் இடுப்பில் இருக்கும். மறு நுனி படகில் இருப்பவன் கையில். கீழேயிருந்து மூன்று தரம் சுண்டினால் ‘என்னைத் தூக்கு’ என்று அர்த்தம். உடனே தூக்க வேண்டும். கொட்டாவி விடக்கூட நேரம் எடுத்துக்கொள்ளக் கூடாது.

அந்தக் கயிற்றை எங்கள் ஆட்கள் கண்டவன் கையிலும் கொடுக்க மாட்டார்கள். சொந்த அண்ணன் தம்பி கையில்கூடக் கொடுப்பதில்லை. பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். அண்ணன் தம்பிக்குள் வீட்டுக்கும் மனைக்கும் சண்டை வரும். ஆனால் தன் அக்காளைத் தாலியறுக்க வைக்க எவனுக்கும் மனசு வராது. அந்த நம்பிக்கையில்தான் தலைமுறை தலைமுறையாக மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம்.

என் கயிற்றைப் பிடித்தவன் கஸ்பார். என் மனைவி தெரேஸின் தம்பி. எனக்கு முன்னால் அவன் என் சகலை ஜேசுபாதத்துக்குக் கயிறு பிடித்தான். ஜேசுபாதம், தெரேஸின் அக்காள் விசேந்தம்மாளுடைய கணவர். 1967இல் ஒரு நாள் கடலில் இறங்கியவர் திரும்பி வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. “இடுப்பு முடிச்சு அவுந்துட்டு. வெறுங்கயிறுதாம் வந்துச்சு” என்று கஸ்பார் மண்ணில் புரண்டு அழுதான். ஊரே அவனுக்காக இரக்கப்பட்டது. நானும்தான். அதற்கடுத்த வருடம் எனக்கும் தெரேஸுக்கும் கல்யாணம் ஆனது. யோசிக்காமல் என் கயிற்றை அவன் கையில் கொடுத்தேன்.

இனி ஜெயசிங் சார். சாத்தான்குளத்துக்காரர். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். நீச்சல் தெரியாது. படகைப் பார்த்தாலே வாந்தி வரும். ஆனால் கடலைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார். “சார், நீங்க கரையில இருந்துக்கிட்டே கடல ஆளுதீங்க” என்று நான் கேலி செய்வேன். அவர் சேர்த்த கூட்டம்தான் ‘கடல் நண்பர்கள்’. சம்பளம் கிடையாது, வேலை உண்டு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டி வருவோம். பெரிய அலுமினியச் சட்டியில் கடல் தண்ணீர் நிரப்பி, நான் எடுத்து வந்த கடல் அட்டை, கடல் குதிரை, நட்சத்திர மீன் எல்லாவற்றையும் உயிரோடு காட்டுவோம். முடிந்ததும் எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டுவிடுவேன். அது எங்கள் சட்டம்.

பவளத்தைக் காட்டும்போது சார் தன் சுண்டுவிரல் நகத்தை நீட்டுவார்.

“இம்புட்டு வளர ஒரு வருசம் ஆவும் பிள்ளைகளா. உடைச்சுக் காளவாசல்ல போட்டா ஒரு ராத்திரியில சுண்ணாம்பு.”

அந்தக் காலத்தில் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. கடப்பாரை போட்டுப் பவளப்பாறையை உடைத்துப் படகு படகாகக் காளவாசலுக்கு அள்ளினார்கள். தீவுகளைச் சுற்றி முக்கால்வாசி போய்விட்டது. கடலடியில் பாறை படர்ந்த இடத்தை நாங்கள் பார் என்போம். வான் தீவுக்கு அப்பால் ஒரு பார் மட்டும் தப்பிக் கிடந்தது. அதை என் கல்யாணத்துக்கு முன்பே எனக்குக் காட்டித் தந்தவர் ஜேசுபாதம். கரையிலிருக்கும் கோயில் கோபுரத்தையும் வேறொன்றையும் ஒரே நேராகப் பார்த்து இடம் பிடிக்க வேண்டும். அந்த வேறொன்று எது என்று உங்களுக்கும் சொல்ல மாட்டேன். கஸ்பாருக்கு அந்த வித்தை வரவே இல்லை. என்னோடு பத்துத் தடவை வந்தான். தனியே விட்டால் பக்கத்தில்கூடப் போக மாட்டான்.

பாரைச் சுற்றி மிதவை போடலாம் என்று யோசனை சொன்னதே அவன்தான்.

“மிதவையப் பாத்தா வலைக்காரங்க அங்கன நங்கூரம் போட மாட்டாங்கல்லா சார். பவளம் உடையாது.”

சார் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. காலி மண்ணெண்ணெய் டின்களுக்கு வெள்ளை பெயின்ட் அடித்தோம். மொத்தம் ஆறு. ஐந்தைப் போட்டாயிற்று. ஆறாவதைப் போடத்தான் அந்தச் சனிக்கிழமை போனோம்.

நாலு மணி பத்து நிமிடத்துக்குக் கிளம்பினோம். வத்தை என்று நாங்கள் சொல்லும் சின்னப் படகு. அவனும் நானும் மட்டும்.

ஏறியதிலிருந்தே எதுவும் சரியில்லை. கயிறு புதுசு. அதுவரை தண்ணீரைப் பார்க்காதது. முற்றத்துக் கொடியிலிருந்து நானே காய்ந்தபடியே எடுத்து வந்து படகில் போட்டேன். பாதி வழியில் கை வைத்தால் நனைந்திருந்தது. படகுக்குள் தண்ணீர் இல்லை. கஸ்பார் பெருநாளுக்குப் போடுகிற சட்டையைப் போட்டிருந்தான். கடலுக்கு யார் அதைப் போட்டு வருவார்கள்? எப்போதும் கயிற்றின் தன் பக்கத்து நுனியைக் குறுக்குப் பலகையில் ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டிவிட்டுத்தான் கையில் பிடிப்பான். அன்றைக்குக் கட்டவில்லை.

நான் பார்த்தேன். கேட்கவில்லை. மச்சினன்தானே.

ஐந்தரைக்குப் பாருக்கு வந்தோம். கொஞ்சம் தள்ளி ஒரு விசைப்படகு எஞ்சினை நிறுத்திவிட்டுக் கிடந்தது. வலை விரித்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் மிதவையைக் கட்ட இடம் பார்க்க இறங்கினேன். பாதி ஆழம்கூடப் போகவில்லை. இடுப்பில் ஒரு சுண்டு.

இன்னொன்று.

இன்னொன்று.

மேலே வந்துவிட்டேன்.

“ஏலே, என்னத்துக்குச் சுண்டுன?”

“நாஞ் சுண்டலையே அத்தான்.”

“மூணு தரம் சுண்டுனியேலே.”

“மூணா?”

அவன் முகம் வெளுத்துவிட்டது. கயிற்றை மடியில் போட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டான். படகின் மறுபக்கத் தண்ணீரையே பார்த்தான். சுறா எதையாவது பார்த்துவிட்டானோ என்று நானும் எட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

“வெரசலா முடிங்க அத்தான். இருட்டப்போவுது.”

சட்டைக்குள் சுருட்டி வைத்திருந்த கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மணி ஐந்து ஐம்பத்தைந்து. மிதவைக்கான கயிற்றையும் கல்லையும் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

ஐந்து பாகம் ஆழம். அதாவது ஐந்து ஆள் உயரம். கீழே வெளிச்சம் மங்கலாக இருந்தது. ஆனாலும் தெரிந்தது. பாரைக் காணவில்லை.

அது ஐந்தாவது மிதவையின் பக்கம். போன வாரம் நான் பார்த்தபோது பவளம் பூத்துக் கிடந்த இடம். இப்போது வெள்ளை வெளேரென்று நொறுங்கிக் கிடந்தது. கடப்பாரை இறங்கிய குழிகள். இழுத்துப்போன தடங்கள். மிதவையைச் சுற்றி வட்டமாக, சுத்தமாக அள்ளியிருந்தார்கள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. காப்பாற்றுவதற்காக வைத்த அடையாளம், களவாணிக்கு வழி காட்டியிருக்கிறது. மிதவை போடச் சொன்னவன் மேலே என் உயிரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

நெஞ்சு எரிந்தது. மேலே போக உந்தினேன். கடப்பாரையால் நெம்பி விட்டிருந்த ஒரு பாறை, கால் பட்டதும் சரிந்தது.

வலது கால் அடியில் மாட்டிக்கொண்டது.

பாறையைத் தள்ளினேன். நகரவில்லை. கயிற்றைச் சுண்டினேன். மூன்று தரம்.

பதில் இல்லை.

மறுபடியும் மூன்று.

தண்ணீருக்குள் ஒரு சத்தம் கேட்டது. டுக்... டுக்... டுக்... விசைப்படகு எஞ்சின். நெருங்கி வந்தது. தலைக்கு மேல் நின்றது. பிறகு விலகிப் போனது.

மறுபடியும் சுண்டினேன்.

கயிறு என் கையோடு வந்தது. இழுக்க இழுக்க வந்தது. மேலே யாரும் பிடித்திருக்கவில்லை.

கோபம்கூட வரவில்லை. அழுகைதான் வந்தது. கடலுக்குள் அழுதவன் நானாகத்தான் இருப்பேன். என் பிள்ளைகளைத் தோளில் தூக்கி வளர்த்தவன். என் வீட்டுச் சோற்றைத் தின்றவன். அவன் கை என்னை விட்டுவிட்டது.

மூச்சு முடிந்தது. கண் இருட்டியது.

அப்போது... கயிறு விறைத்தது.

யாரோ இழுத்தார்கள்.

கஸ்பார் இழுப்பது எனக்குத் தெரியும். வெடுக் வெடுக்கென்று இழுப்பான். இது அப்படி இல்லை. நிறுத்தாமல், ஒரே சீராக, மெதுவாக... ஆனால் விடவே விடாத இழுப்பு. இடுப்பு அறுந்துவிடும் போலிருந்தது. கணுக்கால் தோல் சுற்றிலும் உரிந்துகொண்டு கால் வெளியே வந்தது.

மேலே வந்தேன். படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன்.

படகில் யாரும் இல்லை.

தூரத்தில் விசைப்படகு கரையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. அதன் பின்பக்கத்தில் ஒரு வெள்ளைச் சட்டை. பெருநாள் சட்டை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கரையிலிருந்து ஆலைச் சங்கு மெலிதாகக் கேட்டது. ஆறு மணி.

படகில் ஏறி விழுந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கயிற்றைப் பார்த்தேன். என் இடுப்பிலிருந்து கிளம்பி, படகின் குறுக்கே போய், மறுபக்கம் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது.

விறைப்பாக.

யாரோ மறுபக்கம் கீழே இறங்கியிருக்கிறார்கள். அந்தக் கனத்தில்தான் நான் மேலே வந்திருக்கிறேன்.

யார்?

கயிறு சுண்டியது.

ஒன்று... இரண்டு... மூன்று.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனாலும் கை தானாகப் போனது. பதினைந்து வருடமாக ஊறிய சட்டம். மூன்று சுண்டு வந்தால் தூக்க வேண்டும். கேள்வி கேட்கக் கூடாது.

தூக்கினேன். ஓர் ஆளின் கனம். இருட்டிக்கொண்டு வந்தது. தண்ணீர் கறுப்பாகிவிட்டது. ஒரு பாகம் தூக்கினேன். இன்னொரு பாகம். கரடுமுரடாக ஏதோ ஒன்று படகின் ஓரத்தில் உரசி உள்ளே வந்தது. என் கயிறு அதோடு முடிந்துவிட்டது. அதற்கப்புறம் வேறு ஒரு கயிறு தொடர்ந்தது. வழவழவென்று பாசி பிடித்த கயிறு.

அதையும் இழுத்தேன்.

தண்ணீருக்குச் சற்றுக் கீழே வந்ததும்...

கனம் போய்விட்டது.

வெறுங்கயிறு வந்தது. நுனியில் ஓர் இடுப்பு வளையம். முடிச்சு அவிழவில்லை. வளையத்தைச் சுற்றி ஏதோ துணி தைத்திருந்தது.

உள்ளே ஆள் இல்லை.

அதற்கு மேல் அங்கே இருக்க நான் என்ன பைத்தியமா? துடுப்பைப் போட்டேன். எப்படிக் கரை சேர்ந்தேன் என்று கேட்காதீர்கள். தெரிந்த செபம் எல்லாவற்றையும் கலந்து சொல்லிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வரும்போது எட்டு நாற்பது. வாசலில் கூட்டம். உள்ளே ஒப்பாரி. தெரேஸ் தரையில் கிடந்தாள். விசேந்தம்மாள் அவளை மடியில் போட்டிருந்தார். நடுவீட்டில் கஸ்பார் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“நா என்ன செய்வேன்... முடிச்சு அவுந்துட்டு... வெறுங்கயிறுதாம் வந்துச்சு...”

ஒன்பது வருடத்துக்கு முன் அழுத அதே அழுகை. ஒரு சொல்கூட மாறவில்லை.

நான் வாசல்படியில் நின்றேன். தோளில் கயிறு. காலிலிருந்து ரத்தம் வடிந்தது. ஒப்பாரி அப்படியே நின்றுபோனது.

கஸ்பார் என் முகத்தைப் பார்க்கவில்லை. தோளில் தொங்கிய வளையத்தைப் பார்த்தான். எழுந்து கொல்லைப்பக்கமாக ஓடிவிட்டான்.

விசேந்தம்மாள் மைனி எழுந்து வந்தார். வளையத்தைக் கையில் வாங்கினார். பாசியை விரலால் வழித்தார். உள்ளே சிவப்புக் கரை தெரிந்தது.

“இது எங் கல்யாணப் புடவை. இடுப்பு அறுக்குதுன்னாரு. நாந்தான் கிழிச்சுச் சுத்தித் தச்சுக் குடுத்தேன்.”

வளையத்தை எல்லாருக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டினார்.

“முடிச்சு அவுந்துட்டுன்னான். இந்தா கெடக்குல்லா முடிச்சு.”

வளையத்திலிருந்து போன பழைய கயிற்றைப் பிடித்துக்கொண்டே போனார். இரண்டு முழம்கூட இல்லை. அங்கே அந்தக் கரடுமுரடான கட்டி இருந்தது. அதற்கு வெளியே பழைய கயிற்றின் நுனி கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது. நைந்து போன நுனி இல்லை. கத்தி வைத்து அறுத்த நுனி. சுண்டச் சுண்டத் தூக்காமல் இருந்துவிட்டு, மூச்சு நின்ற பிறகு மேலே இழுத்து, இடுப்புப் பக்கத்தில் அறுத்திருக்க வேண்டும்.

“அந்தப் பாரு எங்கனன்னு கேட்டு அப்பவே காளவாசல் ஆளு வந்தான். இவரு சொல்ல மாட்டேன்னுட்டாரு. கஸ்பாரு அவம் படகுல வேலைக்குப் போவணும்னு இவருகிட்ட சண்ட போட்டான்.” மைனி அந்த நுனியைக் கைக்குள் மூடிக்கொண்டார். “எத்தன தரம் சுண்டுனாரோ...”

நான் போலீசுக்குப் போகத் திரும்பினேன். தெரேஸ் என் நனைந்த வேட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

“போலீசுக்குப் போயிராதீய. அவன் எங்கூடப் பொறந்தவன்லா. நீங்கதான் வந்துட்டியளே.”

நான் கடலடியில் கிடந்து திரும்பி மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. அவளுக்குத் தம்பி பெரிதாகிவிட்டான். மறுநாள் விடியற்காலையில் கொல்லையில் பார்த்தேன். சாப்பிட்ட தட்டு ஒன்று கழுவாமல் கிடந்தது. இரவில் நான் அசந்த நேரத்தில் அவனைக் கூப்பிட்டு, சோறு போட்டு, பஸ் ஏற்றி அனுப்பியிருக்கிறாள். அதற்கப்புறம் அவனை யாரும் இந்த ஊரில் பார்க்கவில்லை. அவளோடு நான் இன்றுவரை ஒரே வீட்டில்தான் இருக்கிறேன். அவள் போடுகிற சோற்றைத்தான் தின்கிறேன். ஆனால் முழு நம்பிக்கை வைத்து அவள் கையில் ஒரு தம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை.

தட்டைப் பார்த்த அன்று ஞாயிறு. பூசை முடிந்து ஜெயசிங் சார் ஓடி வந்தார். பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம். பாருக்கு நேர்ந்ததைச் சொன்னேன். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். “நாமளே காட்டிக் குடுத்துட்டமே இஞ்ஞாசி” என்றார். “இன்னைக்கே போயி மிதவை எல்லாத்தையும் எடுத்துருவோம். நானும் வாரேன். வாந்தி வந்தா வரட்டும்.”

பிறகு முற்றத்தில் கிடந்த கயிற்றின் பக்கத்தில் உட்கார்ந்தார். இரவு இருட்டில் நான் சரியாகப் பார்க்காத அந்தக் கட்டியைப் பகல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கத்தில் என் கயிறு உள்ளே போகிறது. மறுபக்கத்தில் பழைய கயிறு வெளியே வருகிறது. நடுவில் இரண்டையும் சேர்த்துப் போட்ட முடிச்சு. அந்த முடிச்சைத்தான் அது முழுசாக மூடியிருந்தது.

சார் வாசலுக்கு ஓடிப் போய்ச் சைக்கிளிலிருந்த அலுமினியச் சட்டியை எடுத்து வந்தார்.

“வெரசலா கடல்தண்ணி கொண்டாங்க. உசுரோட இருக்கு.”

“என்னது சார்?”

“பவளம்.”

தண்ணீர் வந்தது. கட்டியை அதில் வைத்தார். முடிச்சின் மேல் எவ்வளவு கனத்துக்கு வளர்ந்திருக்கிறது என்று சுண்டுவிரல் நகத்தை வைத்து அளந்தார். பிள்ளைகளுக்குக் காட்டுகிற அதே நகம். ஒன்று. இரண்டு. மெதுவாக நகர்த்தி நகர்த்தி வைத்தார். மறுபடியும் முதலிலிருந்து அளந்தார்.

“ஒம்பது” என்றார். “இந்த முடிச்சப் போட்டு ஒம்பது வருசம் ஆயிருக்கு இஞ்ஞாசி.”

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. முடிச்சுக்குள்ளிருந்து வெளியே வந்த என் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சள் நிறம்கூட மாறாத தேங்காய்நார்.

எட்டு நாளைக்கு முன்னால் பால்துரை அண்ணாச்சி கடையில் அதை வாங்கிக் கொடுத்தவரே அவர்தான்.